மண்டபத்தில் பேச்சு ஏன் புரிவதில்லை? ஒலியியலை இணையத்தில் கற்க ஒரு வழி

கேள்வி: திருமண மண்டபங்களுக்கு மைக்செட் போடும் தொழில் செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் அறிவியல் படித்திருக்கிறேன். சில மண்டபங்களில் எவ்வளவு நல்ல பாக்ஸ் வைத்தாலும் பேசுவது கடைசி வரிசைக்குப் புரிவதில்லை. ஒலியியலை முறையாகக் கற்க ஆசை. கல்லூரியில் சேர வசதி இல்லை. இணையத்தில் எங்கே தொடங்குவது?

தம்பி, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கடைசி வரிசைக்கு ஏன் புரிவதில்லை என்பதை விட்டுவிடாதீர்கள். ஒலியியலைச் சொல்லித்தரும் நல்ல தளங்கள் நிறைய உண்டு, பெரும்பாலானவை இலவசம். ஆனால் முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாகப் படிக்கப் போனவர்கள் பத்தே நாளில் களைத்துவிடுவதை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதற்கு எந்தத் தளம் எவ்வளவு பதில் தருகிறது என்று தேடிப் போனவர்கள் நிலைத்தார்கள். ஆகவே உங்கள் மண்டபத்தையே பாடமாக வைத்து, எந்தக் கட்டத்தில் எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் வேலை, மனத்தில் பதிந்துபோன ஒரு தவறான படத்தை அழிப்பது. பள்ளிப் புத்தகத்தில் ஒலி அலை என்றவுடன் மேலும் கீழும் நெளியும் ஒரு கோடு வரும். கல்லூரியில் முதலாண்டு வகுப்பில் அந்தக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து, "இந்த முகட்டில் காற்று எந்தப் பக்கம் நகர்கிறது?" என்று கேட்பேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் "மேலே" என்பார்கள். காற்று மேலே போவதில்லை. ஒலி செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் மிகச் சிறிய தூரம் ஆடுகிறது. ஓரிடத்தில் நெருங்குகிறது, அடுத்த இடத்தில் விலகுகிறது. அந்த நெளிகோடு, அழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடம். இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம், கண்ணால் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒலியியல் கற்பிக்கும் பேராசிரியர் டேன் ரஸ்ஸல், ஒலியும் அதிர்வும் பற்றிய அசைபடங்களைப் பல ஆண்டுகளாகச் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார். அவர் பெயரோடு "அக்கூஸ்டிக்ஸ் அனிமேஷன்ஸ்" என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். இப்படிச் செல்லும் திசையிலேயே ஆடும் அலைக்கு நெட்டலை என்று பெயர். அதைப் பற்றிய பக்கத்தில் ஏராளமான புள்ளிகள் ஆடும். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்திருப்பார். கண்ணை ஒரு சிவப்புப் புள்ளியில் நிறுத்துங்கள். அலை அதைக் கடந்து போய்விடும். புள்ளி தன் இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். ஒலி காற்றைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, அசைவைத்தான் கைமாற்றிக்கொண்டு போகிறது என்பது அங்கே விளங்கிவிடும். ஒலியியலுக்கு இணையத்தில் ஒரே ஒரு பக்கம்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அதற்குப் பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள், அதாவது திரையிலேயே நகர்த்திப் பார்க்கும் சோதனைகள். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்குபெற்ற கார்ல் வீமன் அடுத்த ஆண்டே தொடங்கிய முயற்சி இது. பல பாவனைகளுக்குத் தமிழ் வடிவம் உண்டு. அலைகள் பற்றியவற்றில் அதிர்வெண்ணையும் வீச்சையும் தனித்தனியாக நகர்த்திப் பாருங்கள். இரண்டு ஒலிமூலங்களை வைத்து, எங்கே ஒலி கூடுகிறது, எங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது என்றும் பாருங்கள். மேடையின் இருபுறமும் பாக்ஸ் வைத்தால் ஏன் சில நாற்காலிகளில் மட்டும் குரல் சோகையாகக் கேட்கிறது என்பதற்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

தமிழில் அடிப்படை வேண்டும் என்றால் வேறெங்கும் அலைய வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் பாடமும், பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அலைவுகள், அலைகள் பாடங்களும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. இப்போது தொழில் அனுபவத்தோடு திரும்பப் படித்தால் அன்று மனப்பாடம் செய்தது இன்று பொருளோடு நிற்கும். இலங்கைப் பாடநூல்களும் தமிழில் இணையத்தில் உண்டு. அவற்றைத் திறந்தால் சொற்கள் மாறும்: நாம் அதிர்வெண் என்பதை அவர்கள் மீடிறன் என்பார்கள், ஒத்ததிர்வு என்பதைப் பரிவு என்பார்கள். இரண்டையும் தெரிந்துவைத்திருங்கள். பரிவு என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தம்பூராவின் தந்தி இன்னொன்றின் நாதத்துக்கு இசைந்து தானாக அதிர்வதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இனி டெசிபல், ஒலியின் வலிமையைச் சொல்லும் அளவு. உங்கள் தொழிலில் நாள்தோறும் புழங்கும் சொல் இது. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோ வுல்ஃப் என்ற இயற்பியலாளர் நடத்தும் இசை ஒலியியல் தளத்தில் "டெசிபல் என்றால் என்ன" என்று ஒரு பக்கம் இருக்கிறது. எழுத்தோடு ஒலித்துண்டுகளும் அங்கே உண்டு: ஓர் இரைச்சல் 3 டெசிபல் படியாக இறங்குவதையும், 1 டெசிபல் படியாக இறங்குவதையும் காதாலேயே கேட்கலாம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். 500 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 1000 வாட் வைத்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். இது காதில் பதிந்துவிட்டால், வாட் கணக்கைப் பார்த்துப் பெட்டி வாங்கும் பழக்கம் தானாக மாறும். அதே தளத்தில் உங்கள் செவியின் உணர்திறனை அதிர்வெண் வாரியாகச் சோதித்துப் பார்க்கும் பக்கமும் உண்டு. புல்லாங்குழல், வயலின், மனிதக் குரல் ஆகியவை இயங்கும் விதத்தை இவ்வளவு நேர்மையாகவும் ஆழமாகவும் விளக்கும் வேறு தளத்தை நான் பார்த்ததில்லை. ஒரு கேள்விக்குச் சுருக்கமான பதில், அதற்குக் கீழே விரிவான பதில், வேண்டுமானால் கணக்கு என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். எந்த அடுக்கிலும் நின்றுவிடலாம்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். நீங்கள் தேடும் விடைக்குப் பெயர் எதிர்முழக்கம். கைதட்டி நிறுத்திய பிறகும் மண்டபம் தட்டிக்கொண்டே இருக்கிறதே, அதுதான். இதை அளவோடு முதலில் ஆராய்ந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன சொல் அறைக்குள் ஐந்தரை விநாடி தங்கியது. அதற்குள் நிதானமாகப் பேசுபவர்கூட அடுத்த பன்னிரண்டு, பதினைந்து அசைகளைச் சொல்லியிருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பின. சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது. அவரிடம் மைக்ரோஃபோன் கிடையாது. ஓர் ஆர்கன் குழாய், நேரம் குறிக்கும் கருவி, தன் காது, இவ்வளவுதான். நகரம் அடங்கிய பின் இரவில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அறையில் அடுக்குவார், குழாயை ஊதி நிறுத்திவிட்டு ஒலி மறையும் நேரத்தைக் குறிப்பார், இன்னும் சில மெத்தைகளைச் சேர்ப்பார், மீண்டும் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். தான் உடுத்தியிருக்கும் துணிகூட ஒலியை உறிஞ்சுகிறது என்று கண்டுகொண்டு, ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே உடையை அணிந்தார். அவ்வளவு உழைப்பிலிருந்து வந்த சூத்திரம் ஒரே வரி: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சுதலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் விநாடியில் கிடைக்கும். உறிஞ்சுதலுக்கு அவர் வைத்த அலகு இன்னும் அழகு: திறந்த ஜன்னல். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் தன்மீது விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறது. மற்ற பொருள்கள் எல்லாம் அதில் எத்தனை பங்கு என்று கணக்கு. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி ஹால் இந்தக் கணக்கோடு கட்டப்பட்டது. சபைனின் கட்டுரைகள் 1922-இல் தொகுப்பாக வெளிவந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுவதும் இலவசம். நூறாண்டுக்கு முந்திய ஆங்கிலம் என்று அஞ்ச வேண்டாம். தொழில் தெரிந்த ஒருவர் இன்னொரு தொழிலாளிக்குச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார்.

கணக்கை உங்கள் மண்டபத்தில் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 2700 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர் சேர்ந்து 1440 சதுர மீட்டர். தரை டைல்ஸ் அல்லது பளிங்கு, சுவரும் கூரையும் சிமெண்ட் பூச்சு. இவை தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று கொண்டால், மொத்த உறிஞ்சுதல் சுமார் 43 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். எதிர்முழக்க நேரம் பத்து விநாடி! உண்மை மண்டபத்தில் ஜன்னல், திரைச்சீலை, நாற்காலி எல்லாம் இதைக் குறைக்கும். ஆனாலும் காலி மண்டபம் ஏன் கிணறு மாதிரி முழங்குகிறது என்பது தெரிந்துவிட்டது. பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். இப்போது ஆட்களை உட்கார வையுங்கள். உடை உடுத்திய ஒரு மனிதர் ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம். 300 பேர் வந்தால் நேரம் 2.7 விநாடிக்கு இறங்கும். 600 பேர் வந்தால் ஒன்றரை விநாடி. முதல்நாள் மாலை ஆளில்லாத மண்டபத்தில் ஒலியைச் சரிபார்த்துவிட்டு, மறுநாள் முகூர்த்தத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று திகைப்பது ஏன் என்று இப்போது சொல்ல முடியும். மதியம் கூட்டம் பந்திக்குப் போன பிறகு வாழ்த்துரை வழங்குபவர் பேச்சு யாருக்கும் புரியாததற்கும் அதே காரணம்தான். அவர் முன்னால் இருந்த உறிஞ்சும் பொருள் எழுந்து சாப்பிடப் போய்விட்டது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பழக ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹைப்பர்ஃபிசிக்ஸ் தளம் உதவும். பார்வைக்குப் பழைய தளம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சீட்டு அளவுதான். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கிளை பிரிந்து போகும். அறை ஒலியியல் பகுதியில் அளவுகளைக் கொடுத்தால் எதிர்முழக்க நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் கட்டங்கள் உண்டு. நான் வகுப்புக்குப் போகுமுன் அவசரமாக ஒன்றைச் சரிபார்க்க இன்றும் அங்கேதான் போகிறேன்.

கணக்கோடு நிற்காமல் அளந்து பாருங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். காலி மண்டபத்தில் ஒரு பெரிய பலூனை ஊதி உடையுங்கள், பதிவு செய்யுங்கள். அலைவடிவத்தின் செங்குத்து அளவை டெசிபலுக்கு மாற்றினால், வெடிப்புக்குப் பிறகு ஒலி ஒரு சரிவாக இறங்குவது தெரியும். 60 டெசிபல் இறங்க ஆகும் நேரம்தான் எதிர்முழக்க நேரம். மின்விசிறி, சாலை இரைச்சலுக்கு இடையே 60 டெசிபல் முழுவதையும் காண முடியாது. ஆகவே 20 டெசிபல் இறங்கும் நேரத்தை அளந்து மூன்றால் பெருக்குவது வழக்கம். ஓர் எச்சரிக்கை. கைப்பேசியில் பதிவு செய்தால், பல கைப்பேசிகள் சத்தம் குறையும்போது தாமாகவே உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும், சரிவு பொய்யாகிவிடும். அந்த வசதியை நிறுத்த முடியாவிட்டால் உங்கள் மிக்சர் வழியாக ஒரு மைக்கில் பதிவு செய்யுங்கள். இன்னும் நுட்பமாக அளக்க ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒரு சீழ்க்கையை வழுக்கிக்கொண்டே போய், அறையின் பதிலை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும். கற்றுக்கொள்ள ஒரு மாதம் பிடிக்கும். உங்கள் தொழிலுக்கு அந்த ஒரு மாதம் வீணாகாது.

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற செயலியும் கைப்பேசியில் இருக்கட்டும். அதில் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் உண்டு. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் கைப்பேசி அருகே ஒருவர் கைதட்ட, இரண்டும் ஓடத் தொடங்கும். இரண்டாவதன் அருகே இன்னொருவர் தட்ட, இரண்டும் நிற்கும். இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டாது. அந்த வேறுபாடு, ஒலி 10 மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம். 30 டிகிரி வெப்பத்தில் அது விநாடியில் ஆயிரத்தில் 29 பங்கு வரும். வகுத்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். புத்தகத்தில் படித்த எண்ணை இரண்டு கைத்தட்டலில் கண்டுபிடிக்கும்போது என் மாணவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சியை நான் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை. உங்களுக்கு இந்த எண் தொழிலிலும் உதவும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி நடு மண்டபத்தில் கூடுதல் பாக்ஸ் வைத்தால், மேடைப் பாக்ஸின் ஒலி அங்கே வந்துசேர 49 மில்லி விநாடி ஆகும். நடுப் பாக்ஸைத் தாமதிக்காவிட்டால் பின்வரிசை ஆட்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். டிஜிட்டல் மிக்சரில் 49 மில்லி விநாடி தாமதம் கொடுத்து, அதற்கு மேல் இன்னும் சில மில்லி விநாடி சேர்த்தால், குரல் மேடையிலிருந்தே வருவதுபோல் தோன்றும். முதலில் வந்துசேரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கிருந்தே எல்லாம் வருவதாகக் காது எடுத்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை விரிவாக ஆராய்ந்தார், அவர் பெயரிலேயே தேடலாம்.

இவ்வளவு பார்த்த பிறகு உங்கள் கேள்விக்கு நேரான விடையைச் சொல்லிவிடலாம். மண்டபத்தில் எந்த இடத்திலும் இரண்டு ஒலிகள் சேர்ந்து கேட்கின்றன: பாக்ஸிலிருந்து நேரே வருவது, சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டு நிரம்பியிருப்பது. நேரொலி தூரத்தோடு குறையும், முழக்கம் ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். நாம் கணக்கிட்ட மண்டபத்தில் 300 பேர் இருக்கும்போது, எல்லாத் திசையிலும் ஒலி பரப்பும் ஒரு மூலத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள்ளேயே இரண்டும் சமமாகிவிடும். ஒலியை ஒரு பக்கமாகக் குவிக்கும் நல்ல பாக்ஸ் என்றால் ஐந்தாறு மீட்டர். அதற்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் முழக்கத்தைத்தான் அதிகம் கேட்கிறார். ஒலியைக் கூட்டினால் நேரொலியோடு முழக்கமும் சேர்ந்தே கூடும்; விகிதம் மாறாது, புரிதலும் மாறாது. காதுதான் வலிக்கும். செய்ய வேண்டியது, பாக்ஸை ஆட்களுக்கு அருகே கொண்டுபோவது, கூரையையும் பின்சுவரையும் தவிர்த்து ஆட்கள்மீது குறிவைப்பது, உயரத்தில் ஒலியைச் சிதறவிடாத நெடும்பெட்டிகளைப் பயன்படுத்துவது, மண்டபக்காரர் சம்மதித்தால் பின்சுவரில் கனத்த திரை தொங்கவிடுவது.

இன்னும் ஒரு படி உள்ளே போனால், புரியாமல் போவது மெய்யெழுத்துகள்தான் என்பது தெரியும். உயிரொலி நீளமானது, வலுவானது. மெய்யொலி குறுகியது, மெலிந்தது. "ஆ" என்பதன் முழக்கம் அடங்குமுன் அடுத்து வரும் "த"வோ "க"வோ அதில் மூழ்கிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய ப்ராட் என்ற இலவச மென்பொருளில் உங்கள் குரலைப் பதிவு செய்து படமாகப் பாருங்கள். வலி, வழி, வளி என்று மூன்றையும் சொல்லிப் பதிந்தால் நாக்கு மடியும்போது, படத்தில் கறுத்துத் தெரியும் ஒலிப்பட்டைகள் இடம்பெயர்வது தெரியும்; குறிப்பாக மூன்றாவது பட்டை கீழிறங்கும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறது அல்லவா? அதன் மறுபக்கத்தை, பிறந்த ஒலி காற்றில் எப்படி இருக்கிறது என்பதை, இந்தப் படங்களில் காணலாம். தமிழ் ஒலிகளை இப்படித் தம் கையாலேயே ஆராய்ந்து பார்க்கும் இளைஞர்கள் நூறு பேராவது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதே கருவியில் மண்டபத்தில் பதிந்த பேச்சையும், வீட்டில் பதிந்த பேச்சையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே இருந்த வெண்மை மண்டபத்தில் சாம்பல் பூசியதுபோல் நிரம்பியிருக்கும். தாழ்ந்த ஒலிகளின் வாலே நீளமாக இருப்பதையும் கவனித்தால், பேச்சு மைக்கில் தாழ்ந்த அதிர்வெண்களை ஏன் வெட்ட வேண்டும் என்பதற்கு ஆதாரம் கண்முன் கிடைக்கும்.

முறையான பாடத்தொடர் என்றால் என்பிடெல். ஐ.ஐ.டி.களின் பேராசிரியர்கள் நடத்திய வகுப்புகள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமானால்தான் பணம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் நச்சிகேதா திவாரி நடத்திய ஒலியியல் அடிப்படைப் பாடம் நிதானமானது. கணக்கு வரும், ஆனால் ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டுவார். காரக்பூர் ஐ.ஐ.டி.யின் கட்டடக்கலை ஒலியியல் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கணக்கில் துணிவு வந்த பிறகு, ரிச்சர்டு ஃபெயின்மனின் இயற்பியல் விரிவுரைகளைக் கால்டெக் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் தொகுதியின் 47-ஆம் அத்தியாயம் ஒலி. ஆங்கிலம் தடையாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் அக்கூஸ்டிக்ஸ் டுடே இதழும் இலவசம்தான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இசைக்காரர்களோடு பழகும் தொழில் உங்களுடையது என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், ஒளிச்சிதறலால் புகழ்பெறுவதற்கு முன்பே ஒலியியலில் ஆழ்ந்தவர். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் வரும். ஒன்றுக்கொன்று ஒட்டாதவை, ஆகவே அது வெறும் தட்டல் ஓசை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கருவட்டப் பூச்சு இருப்பதால் அதே அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5 என்று இசைந்து வருகின்றன. ஆகவே அதற்குச் சுருதி உண்டு. ராமன் 1920-இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து "நேச்சர்" இதழில் இதை எழுதினார். 1934-இல் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் விரிவாக எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் ஒதுங்குகிறது என்று பார்த்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே சுருதிகளில் வந்து கூடுவதைக் காட்டினார். அந்த அகாதமியின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். கட்டுரையை முதலில் படிக்காதீர்கள். ஒரு மிருதங்க வித்துவானிடம் அனுமதி கேட்டு, வலந்தலையின் நாதத்தை ஆடாசிட்டியில் பதிந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டும் அதிர்வெண் நிரலைப் பாருங்கள். சமதூரத்தில் முளைத்து நிற்கும் முகடுகளைக் கண்ட பிறகு ராமனைப் படித்தால், தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய அந்தக் கட்டுரை உங்களோடு பேசும். நம் கைவினைஞர்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல், காதையும் மாவையும் கல்லையும் கொண்டு இந்தத் துல்லியத்தை எட்டினார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கடலுக்கடியில் ஒலி எப்படிப் போகிறது என்று அறிய ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் "கடலில் ஒலி" தளம் மிக நல்லது. திமிங்கிலத்தின் ஒலிக்குச் சொல்லும் டெசிபலையும் ஜெட் விமானத்தின் டெசிபலையும் நேரடியாக ஒப்பிடும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. டெசிபலைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் ஒப்பீட்டு அழுத்தமே நீரிலும் காற்றிலும் வேறு என்பதால் அந்த ஒப்பீடு செல்லாது என்பதை அந்தத் தளம் தெளிவாக்கும்.

காணொளி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 432 ஹெர்ட்ஸ் இயற்கையின் சுருதி, 440 தீங்கானது, இந்த ஒலி நோய் தீர்க்கும் என்றெல்லாம் தமிழிலும் ஏராளமாக வருகின்றன. ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. விநாடி மனிதன் வகுத்த அளவு. விநாடியை வேறு நீளத்தில் வகுத்திருந்தால் அந்த எண்ணே மாறியிருக்கும். 440 என்பது வாத்தியக்காரர்கள் ஊருக்கு ஊர் வேறு சுருதி வைத்துத் திண்டாடாமல் இருக்க 1939-இல் லண்டனில் கூடிச் செய்துகொண்ட உடன்பாடு. கர்நாடக இசையிலோ பாடுபவர் தம் குரலுக்கு ஏற்ற ஆதார சுருதியை வைத்துக்கொள்கிறார். ஒலியைக் கற்க வரும் ஒருவரின் நேரத்தை இத்தகைய காணொளிகள் தின்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எளிய சோதனை ஒன்று: சொல்பவர் எதை அளந்தார், எப்படி அளந்தார் என்று சொல்கிறாரா? சொல்லாவிட்டால் கடந்துபோங்கள்.

உங்கள் காதைப் பற்றியும் ஒன்று. பாக்ஸ் பக்கத்தில் நிற்பவர் நீங்கள். அமெரிக்காவின் தொழில் நலவாழ்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அவர்களே வெளியிட்ட ஒலிமானிச் செயலி ஐஃபோனுக்கு இலவசமாக இருக்கிறது. மற்ற செயலிகள் காட்டும் எண்ணை ஒரு மண்டபத்தோடு இன்னொன்றை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளையும் இணையத்தில் எடுத்துப் படித்துவிடுங்கள்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். சுருட்டிக் காதுக்குள் செருகும் பஞ்சுபோன்ற நுரைக் காதடைப்பான் சில ரூபாய்தான். உங்களோடு வேலை செய்யும் பையன்களுக்கும் வாங்கிக் கொடுங்கள். இழந்த செவி திரும்புவதில்லை.

அடுத்த முறை முதல்நாள் மாலையே மண்டபச் சாவி கையில் வந்தால், மின்விசிறிகளை நிறுத்திவிட்டு மேடையில் ஒரு பலூன், நடுவில் ஒரு பலூன், பின்சுவர் ஓரம் ஒரு பலூன் உடைத்துப் பதிந்துகொள்ளுங்கள். மண்டபத்தின் நீளம், அகலம், உயரத்தையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். கணக்கில் வந்த விநாடியும் பதிவில் வந்த விநாடியும் எவ்வளவு விலகுகின்றன என்று எனக்கு எழுதுங்கள். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று சேர்ந்து தேடலாம்.